மயிலுக்குப் போர்வை

பத்தாந் தர மாணவர்க்குக் கடையெழு வள்ளல்களின் வரலாற்றை ஆண்டுதோறும் சொல்லி வருகின்றேன். பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைச் சொன்ன பின்னர், ஆவியர் குடியிற் பிறந்த பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததைச் சொல்வது வழக்கம். மலைச்சாரலிலே மயிலொன்று அகவி ஆடக் கண்ட பேகன், அது குளிரால் நடுங்குகின்றது எனக் கருதித் தன் தோளிற் கிடந்த போர்வையை எடுத்து அதற்கு அளித்தான் என்பது கதை. அண்மையில் ஒரு நாள் இதனைச் சொல்லி முடித்தபோது, பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், பேகன் போன பிறகு அந்த மயில் போர்வையை என்ன செய்தது?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். “தம்பி, இதற்குக் கொடைமடம் என்று பெயர். கொள்பவருக்கு இது பயன்படுமா என்று ஆராயாமல், இரக்கம் எழுந்த அக்கணமே கொடுத்துவிடுவது. புலவர்கள் பேகனைப் புகழ்ந்தது அந்த இரக்கத்துக்காக” என்று நூலிற் கண்டவாறே விடை கூறி இருக்கச் செய்தேன். விடை பிழையன்று. ஆயினும், அப்பிள்ளை கேட்ட கேள்வி வீடு வந்த பின்னரும் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் நம் தீவின் மீது வந்தது. வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் 600 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலைநாட்டு மாவட்டங்கள் பெருந்துயருற்றன. அச்செய்தி கேட்டதும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் உடுப்பும் வீட்டுப் பொருளும் திரட்ட முடிவு செய்தோம். ஊர் மக்கள் மனம் இரங்கினர். இரண்டே நாளில் வாசிகசாலை மண்டபம் நிரம்பியது. உரப்பைகளிலும் பொலித்தீன் பைகளிலும் கட்டப்பட்ட மூட்டைகள் யன்னல் உயரத்துக்குக் குவிந்தன. ‘எங்கள் ஊருக்கு இவ்வளவு பெரிய மனமா!’ என்று பூரித்தோம்.

மூட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினோம். பூரிப்புக் குறையலாயிற்று.

பட்டி அறுந்த காற்சட்டைகள். தெறி இல்லாத சேட்டுகள். கக்கத்திற் கிழிந்த சட்டைகள். பாவாடையும் மேற்சட்டையும் இல்லாத சேலைகள். சேலை இல்லாத மேற்சட்டைகள். இணையைப் பிரிந்த ஒற்றைச் சப்பாத்துகள். கல்யாணத்தன்று ஒரு முறை அணிந்த கோட்டு. மூடி இல்லாத கேத்தல். வயர் உரிந்த மின்விசிறி. பாடத்திட்டம் மாறி ஆண்டுகள் கடந்த பாடநூல்கள். ஓடாத சுவர்க் கடிகாரம். ஒரு மூட்டை நனைந்த கொடித்துணியை அப்படியே அள்ளிக் கட்டியதுபோல ஈரமாக இருந்தது. அதற்குள் இருந்த யாவும் பூஞ்சணம் பிடித்துவிட்டன. திரட்டுவதற்கு இரண்டு நாட்கள் சென்றன. தெரிந்தெடுப்பதற்கோ எண்மர் இருந்தும் ஐந்து நாட்கள் சென்றன. ஈற்றிலே ஏறக்குறையப் பாதியை ஒதுக்கினோம்.

ஊர் மக்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அம்மூட்டைகளில் ஒன்று என் வீட்டிலிருந்தும் சென்றது. அதற்குள்ளும் தெறி அறுந்த சேட்டு ஒன்று இருந்தது. அதனைக் கண்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து என்னை வெட்கமுறச் செய்தது.

கொள்ளும் கையாய் இருந்த காலம்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதத் தலைகளாய் நிறைந்த அந்த இரவில், மழையில் நனைந்தபடி என் தாயின் கையைப் பற்றி நடந்த சிறுவர்களில் நானும் ஒருவன். எங்களிடம் இருந்தவை உடுத்த உடையும், ஒரு துணிப்பையும், என் பாடப்புத்தகங்கள் சிலவுமே.

சாவகச்சேரிப் பகுதியில் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்தோம். ஒரு நாள் உழவு இயந்திரப் பெட்டியில் உடுப்பு வந்தது. கொண்டுவந்தவர்கள் நல்லவர்களே, ஆனால், அவர்களுக்கு நேரம் இல்லை. பெட்டியின் மேல் நின்றபடியே அள்ளி அள்ளிக் கூட்டத்தின் மேல் எறிந்தார்கள். நேற்றுவரை ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கமக்காரராகவும் இருந்தவர்கள் கைகளை உயர்த்தி நின்றார்கள். என் தாய் அந்தக் கூட்டத்துக்குள் செல்லவில்லை. நான் நுழைந்து ஒரு சேட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கழுத்துப்பட்டி நைந்திருந்தது. மூன்று தெறிகள் இல்லை. உட்புறத்தில் யாரோ ஒரு மாணவனின் பெயர் மையினால் எழுதப்பட்டிருந்தது. அதனை அணிந்து சென்ற முதல் நாளே, உடன் படித்தவன் ஒருவன் அந்தப் பெயரைக் கண்டு சொல்லி என்னை அழைத்தான். அவன் விளையாட்டாகவே அழைத்தான். நான் அச்சேட்டை மீண்டும் அணியவில்லை.

சில நாட்களின் பின்னர், அயல்வீட்டு ஆச்சி ஒருவர் என் தாயைப் படலையடியில் நின்று அழைத்தார். அவர் கையில் மடித்த சேட்டுகள் இரண்டு இருந்தன.

“பிள்ளை, இது பேரன்ரை. அவன் வளந்திட்டான். உன்ரை மகனுக்கு அளவாயிருக்குமோ எண்டு பார். ஒரு தெறி மட்டும் நிறம் மாறிப் போச்சு, குறை நினையாதை.”

துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடிப்புக் கலையாமல் இருந்தன அவை. ஒன்றின் நான்காவது தெறி மற்றத் தெறிகளினும் சற்றுக் கறுத்திருந்தது. ஆனால் உறுதியாகத் தைக்கப்பட்டிருந்தது. என் தாய் வாங்கத் தயங்கினார். ஆச்சி அதனை உணர்ந்தவர்போல, “நீ தையல் தெரிஞ்சனியாம். என்ரை பேத்திக்கு ஒரு சட்டை வெட்டித் தைச்சுத் தாவன்” என்றார். தாய் அன்று பின்னேரமே அவ்வீட்டுத் திண்ணையில் இருந்து சட்டை வெட்டினார். இடம்பெயர்ந்த பின்னர் அவர் முகத்தில் நான் தெளிவைக் கண்டது அன்றுதான். அச்சேட்டுகள் இரண்டையும் அளவு காணாமற் போகும்வரை அணிந்தேன்.

எறியப்பட்ட சேட்டும் பழையது. கொடுக்கப்பட்ட சேட்டும் பழையது. ஒன்று என்னைக் கூசச் செய்தது. மற்றது என்னைப் பள்ளிக்கு அனுப்பியது. இரண்டுக்கும் இடையே இருந்தது ஓர் ஊசியும், சிறிது நூலும், “அளவாயிருக்குமோ” என்ற ஒரு கேள்வியுமே. இவ்வாரம் வாசகர்க்கு நான் சொல்ல வந்ததும் அதுவே. பாவித்த பொருளைக் கொடுக்கும்போது, நாம் உண்மையிற் கொடுப்பது பொருளையன்று. பொருள் எப்படியும் நமக்கு வேண்டாதது. அதன்மீது நாம் செலவிடும் உழைப்பும் சிரத்தையுமே நமது கொடை.

கடற்கரையிற் குவிந்த கம்பளி

ஒன்பது ஆண்டுகள் கழித்து நான் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். ஆழிப்பேரலை நம் நாட்டில் 30,000 இற்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அப்போது நான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்த இளைஞன். வடமராட்சிக் கரையோரத்தில் மக்கள் தங்கியிருந்த இடமொன்றில் உடுப்புத் தெரிந்தெடுக்கும் பணிக்கு நண்பர்களுடன் சென்றேன்.

உள்ளூரிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்த உடுப்பு மலைபோற் குவிந்திருந்தது. அதனுள்ளே பனிநாட்டுக் கம்பளிக் கோட்டுகள் இருந்தன, கழுத்துப்பட்டிகள் இருந்தன, மணலிற் புதையும் குதி உயர்ந்த பாதணிகள் இருந்தன. அக்கரை மக்கள் கேட்டவை சாரமும், துவாயும், பெண்களுக்கு உள்ளாடையும், சமைக்கப் பானையுமே. அவையோ குவியலில் அரிதாக இருந்தன. வாடைக்காற்றுக் கால மழை விட்டு விட்டுப் பெய்தது. மூடப் படங்கு போதாமல் குவியல் நனைந்தது; நனைந்தது மக்கியது; மக்கியதை ஈற்றிற் புதைக்க வேண்டியதாயிற்று. புதைப்பதற்குக் குழி வெட்டியவர்களும் வீடிழந்த அந்த மக்களே.

மீனவப் பெரியவர் ஒருவர் குவியலின் அருகே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடாமற் திரும்பினார். “ஐயா, ஒரு சாரமாவது எடுங்கோ” என்றேன்.

“தம்பி, ஆர் ஆர் உடுத்ததோ தெரியாது. எங்களுக்கு வலையும் வள்ளமும் எடுத்துத் தரட்டும், உடுப்பை நாங்கள் வாங்குவம்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், அதே அலையால் அழிந்த நாகபட்டினத்துக் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. பழைய உடுப்புகளை மீனவ மக்கள் ஏற்க மறுத்தனர். அவை தெருவோரங்களிற் சிதறிக் கிடந்தன. ‘துன்ப காலத்திலும் செருக்கா?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அது செருக்கு அன்று. நம் சமூகத்தில் பிறர் உடுத்துக் கழித்த துணி நெடுங்காலம் வெறும் துணியாக இருக்கவில்லை. பெரிய வீட்டிலிருந்து குடிமை செய்தவருக்குப் பழந்துணி சென்றது. அதனை வாங்கிய கை தாழ்ந்த கை என எண்ணப்பட்டது. அந்த நினைவு துணியோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது. உழைத்துத் தன் காலில் நின்றவனுக்கு அதனை நீட்டும்போது, அவன் துணியை மட்டுமா காண்கின்றான்? பசியையும் குளிரையும் தாங்குகின்ற மனிதன், இந்த ஒன்றைத் தாங்காமற் போவதில் வியப்பு இல்லை.

எனினும், பழந்துணி யாவும் இழிவு என்று கொள்வதும் தவறு. 1999 ஆம் ஆண்டு டில்லியில் அன்சு குப்தா என்பவர் ‘கூஞ்ச்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நகரங்களிற் கழிக்கப்படும் உடுப்பைத் திரட்டி, தரம் பிரித்து, திருத்தி, கிராமங்களுக்கு அனுப்புவது அதன் பணி. அங்கே உடுப்பு இலவசமாக எறியப்படுவதில்லை. கிராமத்தவர் கூடித் தமக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ தாமே திருத்துகின்றனர். அவ்வுழைப்புக்கு ஈடாக உடுப்புப் பெறுகின்றனர். உடுக்க முடியாத பருத்தித் துணியும் வீண்போவதில்லை. அதனைத் தூய்மை செய்து, பெண்களுக்கு மாதந்தோறும் வேண்டிய துணி அணையாடைகளாக ஆக்குகின்றனர். ஆழிப்பேரலையின் பின் தமிழ்நாட்டில் எவரும் எடாது கிடந்த துணியையும் அந்நிறுவனம் பொறுப்பேற்றுப் பிரித்தது. இப்பணிக்காக 2015 ஆம் ஆண்டு அன்சு குப்தாவுக்கு மக்சைசாய் விருது கிடைத்தது. அந்த வரலாற்றை வாசித்தபோது, படலையடியில் நின்ற ஆச்சியையே நினைத்தேன். சட்டை வெட்டித் தரும்படி என் தாயிடம் கேட்டபோது அவரும் இதனைத்தான் செய்தார்.

எங்கே போகின்றது?

‘எமக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டோம், வேண்டியவர் எடுக்கட்டும், வேண்டாதவர் விடட்டும்’ என்று சிலர் சொல்வர். கொடுத்ததும் பொருள் மறைந்துவிடுவதில்லை. ஆபிரிக்காவின் கானா நாட்டுத் தலைநகரான அக்ராவில் கண்டமாந்தோ என்றொரு பெருஞ்சந்தை உண்டு. செல்வ நாடுகளிற் கழிக்கப்பட்ட உடுப்பு அங்கே பொதி பொதியாக வந்து இறங்குகின்றது. அந்நாட்டவர் அதற்கு இட்ட பெயர் ‘இறந்த வெள்ளையனின் உடுப்பு’ என்பதாகும். உயிரோடிருப்பவன் இவ்வளவையும் கழிப்பானா என்ற வியப்பிற் பிறந்த பெயர் அது. 2025 ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் அச்சந்தையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. வியாபாரிகள் மீண்டும் கடை கட்டினர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்துணியைத் தைத்தும் சாயமிட்டும் விற்றும் வாழ்கின்றன என்பது உண்மை. விற்க முடியாத மிகுதி வடிகால்களையும் கடற்கரையையும் அடைக்கின்றது என்பதும் உண்மை.

நம் பாட்டிமார் காலத்துப் பருத்திச் சேலை மண்ணிற் புதைந்தால் மக்கி மண்ணாகும். இன்று நாம் உடுப்பவற்றிற் பல பொலியெஸ்டர் கலந்தவை. அது பிளாஸ்திக்கின் இனம், மண்ணில் மக்காது, எரித்தால் உருகி நச்சுப்புகை தரும். ஆகையால், உதவாத துணியைத் துயருற்றவரின் வாசலில் இறக்குவது, நம் வீட்டுக் குப்பையை அவர் வீட்டு முற்றத்திற் கொட்டுவதற்கு ஒப்பாகும். வீட்டை இழந்து நிற்பவருக்கு நாம் கொட்டியதைக் கூட்டி அள்ளும் வேலையும் சேர வேண்டுமா?

கட்டுமுன் கேட்க வேண்டியவை

இனி, தாய்மாரும் மாணவரும் வீட்டிற் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லுகின்றேன். இவை புதியன அல்ல. அந்த ஐந்து நாட்களில் மூட்டை பிரித்த எண்மரும் வியர்வையோடு கற்றவை.

முதலாவது: கேட்டுக் கொடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பிரதேச செயலகத்திலோ, கிராம அலுவலரிடமோ, அவ்விடத்துப் பாடசாலையிலோ, கோயிலிலோ, ‘என்ன வேண்டும், எத்தனை பேருக்கு வேண்டும், எந்த வயதினருக்கு வேண்டும்’ என்று கேளுங்கள். 2004 இல் முல்லைத்தீவுக் கரைக்கும் வடமராட்சிக் கரைக்கும் உதவாத அதே கம்பளிச்சட்டை, 2025 டிசம்பரில் நுவரெலியாவில் உயிர்காக்கும் பொருளாயிற்று. கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள அவ்வூரில், வீடிழந்து பாடசாலைத் தரையிற் படுப்பவருக்குச் சாரத்தைவிடக் கம்பளியே முதற்றேவை. பொருள் ஒன்றே, இடம் மாறினால் அதன் பயனும் மாறுகின்றது.

இரண்டாவது: கழுவி, முற்றாக உலர்த்துங்கள். மாரிகாலத்தில் அரைகுறையாக உலர்ந்த ஒரு துவாய் ஒரு மூட்டையையே கெடுத்துவிடும். வெயில் இல்லையெனின் வெயில் வரும்வரை பொறுங்கள். ஒரு நாள் தாமதித்த நல்ல மூட்டை, உடனே வந்த நாறும் மூட்டையினும் மேலானது.

மூன்றாவது: திருத்துங்கள். தெறி தையுங்கள், பட்டி மாற்றுங்கள், சட்டைப்பைகளைத் தட்டிப் பாருங்கள். உட்புறத்தில் எழுதிய பெயரை, முடியுமாயின், நீக்குங்கள். அல்லது அதன்மேல் ஒரு துண்டுத் துணி வைத்துத் தையுங்கள். இதனை ஏன் சொல்லுகின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்காவது: முழுமையாகக் கொடுங்கள். சேலையோடு பாவாடையும் மேற்சட்டையும் சேர்ந்தால்தான் அது உடை. சப்பாத்துகள் இரண்டையும் நாடாவினால் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். கேத்தலுக்கு மூடியும், மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரியும், விளக்குக்குச் சிமினியும் வேண்டும். மின்சாரப் பொருளை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். வயர் உரிந்ததை எவருக்கும் கொடாதீர்கள். பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு குறைந்திருந்தாலும், அதனைப் பெறும் பிள்ளை அந்தத் துண்டையே தேடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது: பிரித்துக் கட்டுங்கள். ஆண், பெண், பிள்ளைகள் என்று வேறுவேறாக்கி, வயதையும் அளவையும் ஒரு தாளில் எழுதி மூட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். நீங்கள் வீட்டில் அரைமணி நேரத்திற் செய்யும் இவ்வேலை, அங்கே களைத்துப்போன ஒருவருக்கு அரைநாளை மிச்சப்படுத்தும்.

ஆறாவது: சிலவற்றைப் புதிதாகவே கொடுங்கள். உள்ளாடை, பெண்களுக்கான அணையாடை, பற்தூரிகை, குழந்தைக்குப் பாற்போத்தல் ஆகியவற்றிற் பழையது என்ற பேச்சே கூடாது. உங்களிடம் உள்ள பழைய சேட்டுகள் பத்தினும் புதிய உள்ளாடை ஒன்றே அங்கே பெரிதாக இருக்கலாம். மருந்துகளை மூட்டைக்குள் இடவே வேண்டாம். அதற்குரிய வைத்தியசாலைகளிடம் அப்பணியை விட்டுவிடுங்கள்.

ஏழாவது: பணம் கொடுப்பதைக் குறைவாக எண்ணாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் லொறி செல்ல வேண்டும். எரிபொருளும் கூலியும் சேர்ந்தால், பல வேளைகளில் உள்ளிருக்கும் துணியின் மதிப்பை விஞ்சிவிடும். அப்பணம் அவ்வூர்க் கடைக்குச் சென்றால், பாதிக்கப்பட்டவர் தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்து வாங்குவர். வெள்ளத்தில் நனைந்த அந்தக் கடைக்காரரும் எழுந்து நிற்பார்.

எட்டாவது: படம் எடாதீர்கள். இன்று ஒரு பொதி கொடுப்பதற்குள் நான்கு கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. மாலைக்குள் முகநூலில் அப்படம் ஊர் சுற்றுகின்றது. கணக்குக் காட்ட வேண்டுமெனின் மூட்டைகளைப் படம் எடுங்கள், பற்றுச்சீட்டை வெளியிடுங்கள். கொள்பவரின் முகம் அதற்குத் தேவையில்லை. 1995 இல் உழவு இயந்திரப் பெட்டியின் கீழே கைகளை உயர்த்தி நின்றவர்களை எவரும் படம் எடாததற்கு நான் இன்றும் நன்றியுடையேன். அப்படியொரு படம் இருந்திருப்பின், இன்று என் மாணவர் அதனைக் கண்டிருப்பர். நான் நாணியிருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை, ஆயினும் நாணியிருப்பேன்.

இவ்வளவும் செய்த பின்னர், எவருக்கும் உதவாதது என்று ஒரு பகுதி எஞ்சும். அதனைத் தருமக் கணக்கில் எழுதாது, நம் வீட்டுக் கணக்கிலேயே எழுதுவோம். மெல்லிய பருத்திச் சேலை குழந்தைக்கு ஏணையாகும். கிழிந்த வேட்டி விளக்குத் திரியாகும். தடித்த துணி கால்மிதியாகும். தைக்கத் தெரிந்தவர் துண்டுகளை இணைத்துப் போர்வையாக்குவர். திருத்தகங்களில் எண்ணெய் துடைக்கப் பழைய பருத்தித் துணிக்கு என்றும் தேவை உண்டு. தெறிகளையும் கொழுக்கிகளையும் வெட்டி எடுத்து ஒரு போத்தலில் இட்டு வையுங்கள். என் தாய் இன்றும் அப்படியொரு போத்தல் வைத்திருக்கின்றார்.

பேரிடர் வந்தால்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பாதையை அடைக்கின்றோம். மற்றைய நாட்களிலே முதியோர் இல்லமும், சிறுவர் இல்லமும், முன்பள்ளியும் நினைவுக்கு வருவதில்லை. மாதம் ஒரு முறை ஓர் அலுமாரித் தட்டைத் திறந்து, பிள்ளைகளையும் அருகில் இருத்தி, ‘இதனை இன்னொருவர் மகிழ்ச்சியோடு உடுப்பாரா?’ என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். என் மகள், நான் மூட்டையிலிருந்து திரும்ப எடுத்து வந்த சேட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, இதை நீங்கள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவீங்களோ?” என்று கேட்டாள். அதற்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. தாயின் போத்தலில் ஒரு தெறி தேடி எடுத்துத் தைத்தேன். மறுநாள் அதனை அணிந்துகொண்டே பாடசாலைக்குச் சென்றேன். அதன் பின்னரே அது கழுவப்பட்டு மூட்டைக்குள் மீண்டும் போயிற்று.

நிற்க. பின் வாங்கு மாணவனுக்கு நான் முழு விடை சொல்லவில்லை அல்லவா? அடுத்த பாடவேளையில் அவனை எழுப்பிச் சொன்னேன்: “தம்பி, மயில் போர்வையை என்ன செய்தது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். பேகன் வீட்டுக்குச் சென்று பெட்டியைத் துழாவிக் கிழிந்த போர்வையைத் தேடி எடுக்கவில்லை. தன் தோளிற் கிடந்ததைக் கொடுத்தான். மயிலுக்கு அது வேண்டுமா என்று கேட்கத்தான் அவன் மறந்துவிட்டான். நாங்கள் பெரும்பாலும் இரண்டையும் மறந்துவிடுகிறோம்.”

மாணவன் சற்று நேரம் நின்றான். பின்னர், “சேர், மலைநாட்டுக்கு அடுத்த முறை அனுப்பேக்கை நானும் வந்து பிரிக்கலாமோ?” என்றான்.

வரலாம். அவனைப் போன்ற பிள்ளைகள் எல்லோரும் வரலாம். வரும்போது ஓர் ஊசியும், சிறிது நூலும், வீட்டிலுள்ள தெறிப் போத்தலையும் மறவாமற் கொண்டு வரட்டும்.